இல்லாத பக்கத்துக்கு வந்தவர்கள்

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அப்போது எனக்கு 'சிஸ்டம் சார்' என்று பெயர். பிளக்கில் சொருகியிருக்கும் எதுவானாலும் என் தலையில்தான் விழும். வருகை பதியும் பஞ்சிங் மெஷின் நின்றால் நான், பிரிண்டர் காகிதத்தை மென்றால் நான். கம்பெனி வெப்சைட்டும் அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது.

அந்த வருஷம் வெளிநாட்டு கஸ்டமர் ஆடிட்டுக்கு வருகிறார் என்று ஆலை முழுக்க பெயின்ட் அடித்தார்கள். வெப்சைட்டையும் புதுசாக்கச் சொன்னார்கள். மாற்றினேன். மாற்றியதில் எல்லாப் பக்கங்களின் முகவரியும் மாறிப்போனது. பழைய முகவரியை அடித்தால் 'நீங்கள் தேடிய பக்கம் இல்லை' என்று வெள்ளைத் திரையில் ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

அதை மேனேஜர் பார்த்துவிட்டார்.

"நம்ம கம்பெனி பேரைப் போட்டுட்டு இல்லைன்னு வந்தா, வர்றவன் இன்னா நெனைப்பான்? எதைக் கேட்டாலும் முதல் பக்கத்துக்கு அனுப்பிடுங்க."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கஸ்டமரிடம் 'இல்லை' என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது என்பது எங்கள் ஆலையில் எழுதாத விதி. பழைய பக்கம் ஒவ்வொன்றுக்கும் அதற்கான புதுப் பக்கம் எது என்று சர்வரில் தனித்தனியாக எழுதிவைக்க வேண்டும், கேட்பவரைச் சர்வரே சரியான இடத்துக்குத் திருப்பிவிடும், அதுதான் முறை என்றேன். மூன்று நாள் ஆகும் என்றும் சொன்னேன். ஆடிட்டுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காதவன் நான். எந்தப் பக்கம் இல்லாவிட்டாலும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பு என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டுக் கம்பெனி பஸ் ஏறினேன். நிம்மதியாகக்கூட இருந்தது. ஆடிட்டும் நல்லபடியாக முடிந்தது.

நான் மறந்துபோனது ஒன்று உண்டு. டிரெயினி வேலைக்குத் தேர்வு எழுத வருபவர்களில் பாதிப் பேர் தெற்கத்திப் பிள்ளைகள். நாலு மாதத்துக்கு ஒரு முறை ரூம் மாறுவார்கள், அனுப்பிய கடிதமெல்லாம் திரும்பி வரும். அதனால் ஹெச்.ஆரில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்: தேர்வு எழுதியவுடன் கையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஒரு வெப்சைட் முகவரி. தேர்வானவர் பட்டியலும் சேர வேண்டிய நாளும் அந்தப் பக்கத்தில் வரும். அந்தப் பக்கத்தைச் செய்துகொடுத்ததே நான்தான். பட்டியலைப் புதுத் தளத்தில் ஏற்றியதும் நான்தான். சீட்டில் இருந்தது பழைய முகவரி.

ஆடிட் முடிந்து இரண்டு வாரம் கழித்து செக்யூரிட்டி போன் செய்தார். பென்னலூர்க்காரர்.

"சார், கேட்டாண்ட ஒரு பொண்ணு வந்துகீது. வெப்சைட்டுன்னு இன்னாமோ சொல்லுது. நீங்களே வந்து பாருங்க."

இருபது வயதிருக்கும். சிங்கப்பெருமாள் கோவிலில் தோழிகளோடு ரூமில் இருக்கிறாளாம். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். மடித்து மடித்து நைந்துபோன சீட்டை நீட்டினாள்.

"தெனமும் பிரவுசிங் சென்டர்ல போயிப் பாத்தேன் சார். ஒங்க கம்பெனி படந்தான் வருது, வரவேற்கிறோம்னு போட்டிருக்கு. இன்னும் லிஸ்ட் போடலன்னு நெனச்சேன். பக்கமே இல்லன்னு வந்திருந்தா அன்னைக்கே வந்து கேட்டிருப்பேன்லா?"

உள்ளே போய் சர்வரின் பதிவைத் திறந்தேன். அந்தப் பழைய முகவரியை யாரோ ஒவ்வொரு நாளும் கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் என் வரி அவர்களை முகப்புக்கு அனுப்பியிருந்தது. பட்டியலில் அவள் பெயர் நாலாவதாக இருந்தது. சேர வேண்டிய நாள் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

ஹெச்.ஆர். மேடம் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்த்தார். "போன் பண்ணிக் கேட்டவங்க சேந்துட்டாங்க. வராதவங்க வேற கம்பெனிக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சேன் சார். எப்பவும் அப்படித்தானே? வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்து ஆள் எடுத்து லைன்ல விட்டாச்சு." இன்னும் ஒரு இடமாவது பார்க்கலாமா என்று கெஞ்சினேன். மேனேஜரிடமும் போனேன். அடுத்த பேட்ச்சுக்கு எழுதச் சொல்லுங்கள் என்றார். அடுத்த பேட்ச் எப்போது என்று அவருக்கே தெரியாது.

மறுபடி கேட்டுக்குப் போனேன்.

"லிஸ்ட்ல என் பேரு இருந்துச்சா சார்?"

"இருந்ததும்மா. தேதி முடிஞ்சுபோச்சு. ஆள் எடுத்துட்டாங்க."

அவள் அழவில்லை. உள்ளே போகிற லாரியைப் பார்த்தாள். பிறகு, "அந்த லிஸ்ட்ட ஒரு பிரிண்ட் எடுத்துத் தருவீங்களா?" என்றாள். "இந்த மாசம் வேலை கெடைக்கலன்னா ஊருக்கு வந்துரணும்னு அப்பா சொல்லிட்டாங்க. நான் பாஸாவலன்னுதான் அவுக நெனப்பாக. இதக் காட்டணும்."

எடுத்துக் கொடுத்தேன். தன் பெயர் இருக்கும் வரியை விரலால் தேடிப் பார்த்துவிட்டு, கசங்காமல் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டாள்.

"எப்படி சார் இப்படி ஆச்சு?"

"கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறும்மா" என்றேன்.

ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஏறப்போனவள் திரும்பி வந்தாள். "இவ்ளோ பெரிய கம்பெனியில நீங்க ஒருத்தர்தான் சார் வெளிய வந்து பேசுனீங்க. ரொம்ப நன்றி."

பரவாயில்லைம்மா என்றேன்.