நாலாவது காரணம்

வலது பக்க முன் டயரை ஓர் உதை உதைத்துவிட்டுத்தான் டிரைவரக்கா வண்டியில் ஏறுவார். உதையோடு ஒரு திட்டும் உண்டு. "நேத்து மாதிரி நடுரோட்டுல மூச்ச விட்டே, கழட்டிக் கடாசிருவேன்." டயரிடம் பேசி முடித்ததும் பிரேக்கிடம் பேசுவார், பிறகு பக்கக் கண்ணாடியிடம். தோளில் கிடக்கும் துண்டால் கண்ணாடியைத் துடைக்காமல் வண்டி நகராது. பளிச்சென்று இருந்தாலும் துடைப்பார். நான் அந்தப் பள்ளிக்கூட பஸ்ஸில் போய்வரும் கணக்கு டீச்சர். டிரைவர் சீட்டுக்குப் பின்சீட்டு என்னுடையது. தினமும் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த டயர் மேல் கோபம் வந்துவிட்டது.

நாற்பது தாண்டிய, குட்டையான ஆள். சீட்டில் இரண்டு மெத்தை போட்டு உட்கார்ந்தால்தான் சாலை தெரியும். குரல் மட்டும் தெருக்கோடி வரை போகும். ஆனால் பிள்ளைகளைத் திட்டி நான் கேட்டதில்லை. திட்டெல்லாம் பெற்றவர்களுக்கும் ரோட்டில் போகிறவர்களுக்கும்தான். குறுக்கே பாயும் மோட்டார் சைக்கிள்காரனிடம், "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்பார். பிள்ளையைச் சீவிச் சிங்காரித்துத் தாமதமாகக் கூட்டிவரும் அம்மாவிடம், "பரீட்சைக்கு அனுப்புறீங்களா, போட்டோ புடிக்க அனுப்புறீங்களா?" என்பார்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் சீட் பெல்ட்டைத் தானே மாட்டி இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். "சத்தம் கேட்டா போதுமா? இழுத்துப் பாத்தாத்தான் நம்புவேன்." அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் அவருடைய தம்பியின் மக்கள். அவர்கள் அத்தை என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வண்டியில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் அத்தையாகிவிட்டார்.

தம்பியை வளர்த்தவரும் அவர்தான். அம்மா போனபோது அவன் பால் பல் விழாத பையன். அவனைப் படிக்கவைத்து, கல்யாணம் செய்துவைத்து, அதே வீட்டின் பின்னறையில் இன்றும் இருக்கிறார். விடியும் முன்பே எல்லோருக்கும் சமைத்து வைத்துவிட்டு பஸ்ஸை எடுக்கக் கிளம்புவார். சாயங்காலம் தம்பி பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம். 'அக்கா இருக்கா, பாத்துப்பா' என்பதுதான் அந்த வீட்டில் எந்தக் கேள்விக்கும் பதில். அக்காவுக்கு ஏதாவது வேண்டுமா என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

போன வருஷம் பஸ் கதவு திறக்காமல் மக்கர் செய்தபோது, பூட்டு ரிப்பேர் செய்கிற ஒருவர் வந்தார். மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். கதவு அன்றைக்கே சரியாகிவிட்டது. ஆனாலும் அவர் வாராவாரம் வந்து அதற்கு எண்ணெய் விட்டுப் போனார். அவ்வளவு எண்ணெய் குடித்த கதவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கடைசியில் ஒருநாள் டிரைவரக்கா, ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே, கல்யாணத்துக்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

பதிவு அலுவலகத்துக்கு நானும் போனேன். வயதுக்குச் சான்று, முகவரிக்குச் சான்று, பூட்டுக்காரரின் முதல் மனைவி இறந்த சான்று, மூன்று சாட்சிகள் என்று அதிகாரியம்மா சொல்லிக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு நோட்டீஸ். இன்னார் இன்னாரை மணக்கப் போகிறார் என்று எழுதி வாசல் பலகையில் ஒரு மாதம் ஒட்டி வைப்பார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் வந்து சொல்லலாம். கட்டிக்கப் போறது நாங்க, ஊருக்கு எதுக்கு நோட்டீஸு என்று டிரைவரக்கா எகிறினார். ஏற்கெனவே பெண்டாட்டி இருக்கிறவன் உங்களை ஏமாற்றிவிடக் கூடாது இல்லையா என்று அதிகாரியம்மா கேட்டதும் அடங்கினார். அன்றிலிருந்து, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டதும் வெறும் பஸ்ஸை அந்த வாசலில் நிறுத்துவார். நோட்டீஸின் நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுப் போவார்.

விஷயம் தெரிந்ததும் தம்பி குதித்தானாம். இந்த வயதில் என்ன கல்யாணம், வெளியே தலைகாட்ட முடியுமா, சாயங்காலம் பிள்ளைகளை யார் பார்ப்பது. இந்த மூன்றாவதுதான் அவனுடைய உண்மையான கவலை. நேரே அதிகாரியிடம் போய்க் குடும்ப மானம் என்று ஆரம்பித்திருக்கிறான். சட்டம் நாலே நாலு காரணத்துக்குத்தான் காது கொடுக்கும் என்று அவர் சொல்லிவிட்டார். வயது போதாது, ஏற்கெனவே மணமானவர், நெருங்கிய ரத்த உறவு, புத்தி சுவாதீனம் இல்லை. அந்த நாலையும் இன்னொரு தடவை நிதானமாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டானாம்.

அக்காவுக்கு வயது போதாது என்று எழுத முடியாது. கல்யாணம் ஆனவர் என்றும் எழுத முடியாது. பூட்டுக்காரர் சொந்தமும் இல்லை. மிச்சம் இருந்தது நாலாவது. வெட்கமே இல்லாமல் அதை எடுத்துக்கொண்டான்.

அதிகாரியம்மா டிரைவரக்காவையும் பூட்டுக்காரரையும் என்னையும் கூப்பிட்டு அவன் மனுவைப் படித்துக் காட்டினார். "தனியாகப் பேசுகிறார். டயரை உதைத்துத் திட்டுகிறார். துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைக்கிறார். வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பதால் எங்களுக்கு அச்சமாக உள்ளது." அவன் எதிரில் இருந்திருந்தால் நான் அறைந்திருப்பேன். இவனை இடுப்பில் தூக்கித் திரிந்த கைக்கு இவன் கொடுத்த பட்டம் இது. விசாரணை முடியும் வரை கல்யாணம் நடக்காது, சொன்னவர்தான் நிரூபிக்க வேண்டும், நீங்களும் சாட்சி கொண்டுவரலாம் என்றார் அதிகாரி. இந்தப் பேச்சு பள்ளிக்கூடம் வரை போனால் ஸ்டியரிங்கும் கையைவிட்டுப் போகும் என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது.

டிரைவரக்கா கத்தவில்லை. அவர் யாரையும் திட்டாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பூட்டுக்காரர் மட்டும் வாசலுக்கு வந்ததும் மெதுவாகச் சொன்னார். "தப்பு சாவியப் போட்டுட்டான். திருப்பத் திருப்ப அவன் சாவிதான் உடையும்."

மறுநாள் காலையிலும் டயருக்கு உதை விழுந்தது, கொஞ்சம் பலமாகவே. தம்பி வீட்டு வாசலில் பஸ் நின்றது. வழக்கமாக அவன் பிள்ளைகளோடு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றவர்களும் அங்கேதான் நிற்பார்கள். கதவு திறக்கவில்லை. டிரைவரக்கா இன்ஜினை அணைத்துவிட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"தம்பி, பைத்தியம் ஓட்டுற வண்டி இது. புள்ளைங்கள ஏத்துறியா?"

நின்றிருந்த பெற்றவர்கள் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "அக்கா, லேட்டாகுது."

"அதத்தான் கேக்குறேன். ஏத்துறியா, இல்லியா?"

கதவு திறந்தது. பெரியவன் தானே ஏறினான். சின்னவளைத் தம்பி இரண்டு கையாலும் தூக்கிப் படியில் வைத்தான். கொஞ்சமாவது தயங்கியிருந்தால், எழுதியதை நம்பித்தான் எழுதினான் என்று ஆறுதலாவது அடைந்திருப்பேன். தயங்கவே இல்லை. பத்திரமான கையில் பிள்ளையைக் கொடுக்கிறவனின் நிம்மதி அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

"பாத்துக்கிட்டீங்கல்ல டீச்சர்? ஆபீசுக்கு வந்து இத அப்படியே சொல்லணும்" என்றார் டிரைவரக்கா.

பிறகு எழுந்து வந்து, சின்னவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டினார். வாசலில் நின்றவனை ஏறிட்டும் பார்க்காமல் அதை ஒருமுறை இழுத்துப் பார்த்தார், இன்னொரு முறையும்.