ஒன்பது-ஆறு மிஷினும் பவளத்தின் ஸ்டூலும்

சேனாபதியை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. அவர் குடியிருக்கும் பிளானோவில் எந்த இந்தியக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். பில்லை வாசலிலேயே நின்று வரி விடாமல் வாசிப்பார். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்து, ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்த்தே ரிட்டையர் ஆனவர். பிறத்தியார் செய்ததில் தப்புக் கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்கிய மனுஷன் வேறு எப்படி இருப்பார்?

அப்படிப்பட்டவர் சனிக்கிழமை தவறாமல் காரை எடுத்துக்கொண்டு வடக்கே போய், ரெட் ரிவர் பாலம் தாண்டி, ஓக்லஹோமாவில் ஒரு காசினோவுக்குள் நுழைந்து, அங்கே இருப்பதிலேயே மட்டமான மிஷின் என்று தெரிந்தே அதன் முன்னால் உட்கார்ந்தார் என்றால் நம்புவீர்களா? உட்கார்ந்தார். ஒரு வாரம் இரண்டு வாரமில்லை, இரண்டு வருஷத்துக்கு மேல்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் அவருக்குத் தெரிந்த காசினோ இரண்டு. ஒன்று பெரிய இடம். பளிங்குத் தரை, பஃபே, நீச்சல் குளம், அடிக்கடி வருகிறவர்களுக்கு இலவச ரூம். மற்றது சின்ன இடம். கேஸ் ஸ்டேஷனை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே சிகரெட் புகை, முதுகு சாயாத ஸ்டூல், மார்கழிக் குளிரை விடக் கொடுமையான ஏசி. காபியைக் கூட நாமே போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் சின்ன இடத்தில் ஒரு விசேஷம் உண்டு. இவர் ஆடுவது வீடியோ போக்கர். சீட்டாட்டம்தான், எதிரே ஆளுக்குப் பதில் திரை. எந்தச் சீட்டுச் சேர்ந்தால் எவ்வளவு தருவோம் என்று திரை மேலேயே எழுதியிருப்பார்கள், அதைப் படிக்கத்தான் ஆள் கிடையாது. சின்ன இடத்தில் ஃபுல் ஹவுஸ் சேர்ந்தால் போட்டதுக்கு ஒன்பது மடங்கு, ஃப்ளஷ் சேர்ந்தால் ஆறு. பெரிய இடத்தில் அதே சீட்டுகளுக்கு ஆறும் ஐந்தும்தான். பிசகாமல் ஆடினால் ஒன்பது-ஆறு மிஷின் நூறு டாலருக்கு அரை டாலர்தான் பிடிக்கும். ஆறு-ஐந்து மிஷின் ஐந்து டாலரை விழுங்கிவிடும். பத்து மடங்கு கொள்ளை என்பார் சேனாபதி, சொல்லும்போதே மூக்கு விடைக்கும்.

அவர் மனைவி பவளத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் காதில் ஏறாது. அவளுக்குப் பெரிய இடம்தான் பிடிக்கும். குளத்தோரம் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டால் போதும். "ஊட்டுல இப்படி ஒரு நாளு என்னைய படுக்க விட்டிருக்கீங்களா?" என்பாள். மாதம் ஒருமுறை போவார்கள். போகும்போதே காரில் சண்டை ஆரம்பித்துவிடும்.

"பவளம், அது நம்ம காசுலயே நமக்குப் போடற சோறு. ஃப்ரீனு நெனைச்சுக்காத."

"போட்டா போடட்டுமே. ஏனுங்க, உங்க ஒன்பது-ஆறு மிஷினு வந்து சாப்ட்டீங்களான்னு கேக்குமா? அந்த டெனீஸ் புள்ளை கேக்குதல்ல."

டெனீஸ் என்பது பெரிய இடத்தில் வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொள்கிற பெண். பெண் என்ன பெண், ஐம்பது வயது இருக்கும். பவளத்துக்குத் தயிர் பிடிக்கும் என்று தெரிந்து, பஃபே சமையற்கட்டிலிருந்து சர்க்கரை போடாத தயிரை ஒரு கிண்ணத்தில் எடுத்துவந்து கொடுப்பாள். "மிஸஸ் பவ்லம்" என்று அவள் கூப்பிடுகிற அழகுக்கே பவளம் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஆனாலும் பாதி நாள் ஜெயித்தது சேனாபதிதான். கார் சின்ன இடத்துக்கே திரும்பும். பவளம் ஊதா ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, அவருக்குப் பக்கத்து ஸ்டூலில் தும்மிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். ஆடமாட்டாள். அவர் சீட்டைப் பார்த்துக்கொண்டு, "அந்த ராணிய எதுக்கு வீசறீங்க, பாவம்" என்பாள். யாராவது வந்து ஆடாதவள் எழுந்தால் என்ன என்பதுபோல் பார்த்தால், இன்னும் நன்றாகச் சம்மணம் போட்டுக்கொள்வாள். அந்த உயர ஸ்டூலில் சம்மணம் போட அவள் ஒருத்தியால்தான் முடியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மார் வலிக்கிறது என்றாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சேனாபதிக்குப் புரியவே இல்லை. பவளம் போனாள், சரி. அவள் பெயர் எங்கே போயிற்று? கோவிலில் பார்க்கிறவர்கள் குரலைத் தாழ்த்தி, "அங்கிள், சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?" என்பார்கள். ஒருவர் வாயிலும் பவளம் என்ற சொல் வராது. பே ஏரியாவில் இருக்கும் மகன் கதிர் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "அப்பா, யூ ஷுட் ஜஸ்ட் மூவ் ஹியர்" என்பான். அம்மா என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் இரண்டு பக்கமும் பேச்சு நின்றுவிடும். அதனால் இரண்டு பேருமே அந்தப் பக்கம் போவதில்லை. வீடு முழுக்க அவள் சாமான்கள், ஆனால் அவள் பெயரைச் சொல்ல ஒரு நாதியில்லை. சில நாள் சாயங்காலம் அவரே அடுப்படியில் நின்று "பவளம்" என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்பார். நாராசமாக இருக்கும்.

எட்டு மாதம் கழித்து, காசினோவில் அவள் பேரில் இருந்த மெம்பர் கார்டை முடித்துவிடலாம் என்று பெரிய இடத்துக்குப் போனார். நியாயமான வேலை, ஐந்து நிமிஷம் ஆகும். கவுண்டரில் டெனீஸ் நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"மிஸ்டர் சேனா! எவ்வளவு நாளாச்சு! மிஸஸ் பவ்லம் எங்கே? பூல் பக்கமா?"

சேனாபதியின் வாயிலிருந்து "ஆமாம்" என்று வந்துவிட்டது.

அவர் பொய் சொல்லத் தெரியாத ஆளென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இப்படி ஒரு பச்சைப் பொய்யை அவர் ஆயுசில் சொன்னதில்லை. சொன்ன உடனே நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. டெனீஸ் ஒரு கிண்ணத்தில் தயிரைக் கொடுத்து, "அவங்களுக்குக் கொடுங்க" என்றாள். அதை எடுத்துக்கொண்டு போய் ஒரு தூண் மறைவில் நின்று, தேம்பித் தேம்பி அழுதபடியே சாப்பிட்டார்.

அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை ஆனால் பெரிய இடம். டெனீஸ் கேட்பாள்: "மிஸஸ் பவ்லம் எப்படி இருக்காங்க?" இவர் சொல்வார்: "பூல் பக்கம்தான் இருக்கா. முழங்கால் வலி தேவலை." இன்னொரு வாரம்: "புதுசா ஏதோ நாற்று வாங்கி வெச்சிருக்கா, தண்ணி ஊத்தறதே எனக்கு வேலை." இருவருக்கு இலவச டின்னர் என்று அட்டை வரும். மேஜையில் இரண்டு தட்டு வைப்பார்கள். அந்த ஒரு கேள்விக்காக ஆறு-ஐந்து மிஷினில் உட்கார்ந்து, நூற்றுக்கு ஐந்தாகத் தேய்ந்துகொண்டிருந்தார். கணக்குத் தெரியாமல் இல்லை. சின்ன இடத்து மிஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பவளம் எங்கே என்று அது கேட்காது. அவள் காரில் வைத்துச் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

போன ஜூன் ஒன்றாம் தேதி, அதுவும் ஒரு சனிக்கிழமை, டெனீஸ் ஒரு கேக்கோடு அவர் மிஷினுக்கே வந்துவிட்டாள். மேலே "ஹேப்பி பர்த்டே பவ்லம்" என்று க்ரீமில் எழுதியிருந்தது.

"வாங்க, பூலுக்குப் போய் சர்ப்ரைஸ் கொடுப்போம்!" என்றாள், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு.

சேனாபதி வழியை மறித்துக்கொண்டு எழுந்தார். "இல்ல, இல்ல, இன்னிக்கு அவ பர்த்டே இல்ல" என்றார்.

"லைசென்ஸ்ல அப்படித்தானே இருக்கு?"

"அது ஹெட்மாஸ்டர் போட்டது. எங்க ஊர்ல ஸ்கூல்ல சேர்க்கும்போது அவரா ஒரு தேதி எழுதிடுவார். எங்க தலைமுறையில பாதிப் பேருக்கு ஜூன் ஒண்ணுதான் பர்த்டே."

"சரி, அப்போ நிஜமான பர்த்டே எப்போ?"

மாட்டிக்கொண்டார் மனுஷன். "ஆடி மாசம், உத்திர நட்சத்திரம். அது ஒவ்வொரு வருஷமும் வேற வேற தேதியில வரும். நிலாவைப் பொறுத்தது. இன்னிக்குப் போய்ப் பாடினா அவளுக்குச் சிரிப்பு வந்துடும், கூச்சப்படுவா, அவளுக்கு இதெல்லாம்…" மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனார். பிறந்த நாளைப் பற்றிச் சொன்னதில் பெயருக்குக்கூட ஒரு பொய் இல்லை. அதுதான் வேடிக்கை.

டெனீஸ் கேக்கை மிஷின் மேல் வைத்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மிஸ்டர் சேனா, பூலை மூடி ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. தண்ணியே கிடையாது, ரிப்பேர் நடக்குது."

பில்லை வரிக்கு வரி வாசிக்கிற ஆள். பவளம் போன பிறகு அந்தக் குளத்துப் பக்கம் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த நாற்காலி காலியாக இருக்குமே என்ற பயம். கையும் களவுமாகப் பிடிபட்ட பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரிஞ்சும் ஏன் கேட்டுட்டே இருந்தே?"

"நான் கேட்டா நீங்க சந்தோஷமா பதில் சொன்னீங்க."

அப்புறம்தான் சேனாபதி வாயைத் திறந்தார். மாசி மாதம், மத்தியானம், மார் வலி. எல்லாவற்றையும் சொன்னார். டெனீஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நல்லவள், அதில் சந்தேகமில்லை.

அடுத்த சனிக்கிழமை போனார். சொன்னதால் பாரம் குறைந்திருக்கும், இனி பவளத்தைப் பற்றி உள்ளபடியே பேசலாம் என்று அவருக்கு ஒரு ஆசை. கவுண்டரில் டெனீஸ் எழுந்து நின்றாள். குரலைத் தாழ்த்தினாள்.

"எப்படி இருக்கீங்க, மிஸ்டர் சேனா? சாப்பிட்டீங்களா?"

அவ்வளவுதான். கோவிலில் கேட்கிற அதே குரல். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. மரியாதைக்காகத்தான் கேட்கவில்லை, வேறெதற்கு? பத்து நாளில் தபாலில் அட்டை வந்தது. ஒருவருக்கு இலவச டின்னர் என்று திருத்தியிருந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, மெயில் பாக்ஸ் பக்கத்திலேயே வெயிலில் வெகு நேரம் நின்றார். பவளம் போனபோது அவளுக்கு ஒரு காரியம்தான் நடந்தது. இது இரண்டாவது காரியம் போல இருந்தது அவருக்கு.

அந்த வாரச் சனிக்கிழமை பாலம் தாண்டியதும் கார் சின்ன இடத்துக்குத் திரும்பியது. திருப்பியவர் அவர்தான், சண்டை போடத்தான் ஆள் இல்லை. இறங்கும்போது பின் சீட்டைப் பார்த்தார். மூன்று வருஷமாக அங்கேயே கிடக்கும் ஊதா ஸ்வெட்டர். ஏசியை நினைத்து அதை எடுத்துக்கொண்டார்.

ஒன்பது-ஆறு மிஷின் இன்னும் அங்கேதான் இருந்தது. அதே புகை, அதே ஸ்டூல். பத்து ஆட்டம் ஆடியிருப்பார், ஒரு ராணி வந்தது. விதிப்படி அதை வீசியிருக்க வேண்டும், வைத்துக்கொண்டார். இப்படி ஆடினால் நல்ல மிஷினில் உட்கார்ந்தும் பிரயோஜனமில்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன?

கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் காபிக் கோப்பையோடு வந்து, பக்கத்து ஸ்டூலைக் காட்டி, "இங்கே யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

சேனாபதி மடியில் இருந்த ஸ்வெட்டரை எடுத்து அந்த ஸ்டூல் மேல் விரித்துப் போட்டார்.

"ஆமா, என் வைஃப்" என்றார். "காபி எடுக்கப் போயிருக்கா. இப்ப வந்துடுவா."

"ஓ, சாரி" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் அடுத்த வரிசைக்குப் போனார்.