நுன்சியாக்காவின் அத்திப்பழத் தட்டு

என் பழக்கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது பழங்கள் அல்ல. நுன்சியாக்கா வரைந்து கொடுத்த விலைப்பலகைகள். நியூயார்க்கின் புரூக்ளினில், இத்தாலிக்காரர்கள் நிறைந்த எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் வரைந்த கத்தரிக்காயில் ஜன்னல் வெளிச்சம் பளபளக்கும். பிளந்த மாதுளையைப் பார்த்தால் பல்வலிக்காரனுக்கும் நாக்கில் நீர் ஊறும். பள்ளிக்கூடச் சமையலறையில் காலம் தள்ளியவருக்கு அந்தக் கை எப்படி வாய்த்ததோ, தெரியாது.

ஆனால் அவரோடு ஒரு பெரும் தொல்லை. எதையும் எதிரில் வைத்துத்தான் வரைவார். முடிக்கும்வரை ஒருவரும் அதைத் தொடக் கூடாது. என் கடையின் அருமையான குடைமிளகாய்களை அள்ளிக்கொண்டு போய், சுருங்கிப்போனதும் திருப்பித் தருவார். "இந்தாடா பியாஜியோ, உன் சரக்கு. பத்திரமா பாத்துக்கிட்டேன்" என்று நையாண்டி வேறு.

அவரும் அவருடைய அக்கா தெரேசினாவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். படம் தங்கைக்கு என்றால், கொல்லையில் இருந்த அத்திமரம் அக்காவுக்கு. எங்கள் ஊர்க் குளிர் அத்திக்கு எமன். அதனால் குளிர் தொடங்குமுன் கிளைகளை வளைத்துக் கட்டி, பழைய கம்பளியும் தார்ப்பாயும் சுற்றி, உச்சியில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைப்போம். ஈஸ்டர் போன பிறகுதான் அவிழ்ப்போம். தெரேசினா அதில் ஒரு நாள்கூட முந்தவிட மாட்டார்.

அந்த வருடம் தெரேசினா வயிற்றில் கட்டியோடு படுத்துவிட்டார். மார்ச்சில் கொஞ்சம் வெயில் அடித்ததுமே நுன்சியாக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாதா கோயில் காலண்டருக்கு அத்திப்பழம் வரைய வேண்டும். மரம் சீக்கிரம் துளிர்த்தால் பழமும் சீக்கிரம் வரும் என்று நினைத்தார்.

"ஈஸ்டர் வரலியே அக்கா?" என்றேன்.

"வெயில் வந்துடுச்சுல்ல? நீ என்ன, மரத்துக்குப் பாதிரியாரா?"

தானே அவிழ்த்துப் போட்டார். அடுத்த வாரமே உறைபனி இறங்கி, கிளைகள் கருகிவிட்டன. அடியிலிருந்து புதிதாக வந்த கிளைகளில் செப்டம்பர் கடைசியில் ஐந்தே ஐந்து பழங்கள் பழுத்தன.

அன்று நான் எலுமிச்சை கொடுக்கப் போயிருந்தேன். ஐந்து பழமும் வெள்ளைத் தட்டில் இருந்தன. ஒன்றின் அடியில் தேன்போல ஒரு சொட்டுத் திரண்டு நின்றது. நுன்சியாக்கா அதைத்தான் வரைந்துகொண்டிருந்தார். பல நாளாக வெறும் ரசத்தண்ணியில் உயிர் பிடித்துக்கொண்டிருந்த தெரேசினா, ஜன்னலோரக் கட்டிலில் இருந்து குரல் கொடுத்தார்.

"நுன்சியா, ஒரு பழம் தாயேன். திங்கணும்போல இருக்கு."

"கொஞ்சம் இரு அக்கா. இந்தச் சொட்டு காஞ்சா போச்சு. முடிச்சுட்டுத் தர்றேன்."

"குடுத்துட்டு வரையுங்களேன்" என்றேன்.

"நீ கடைக்குப் போடா!"

தெரேசினா சிரித்தார். "விடு பியாஜியோ, வரையட்டும். நான் எங்க ஓடப் போறேன்?"

சொட்டு முடிந்து, காம்பு முடிந்து, நிழலும் முடிந்து நுன்சியாக்கா திரும்பியபோது அக்கா தூங்கியிருந்தார். ஒரு பழத்தை நாலாகக் கீறித் தலைமாட்டில் வைத்தார். தெரேசினா அந்தத் தூக்கத்திலிருந்து தெளிந்து எழவே இல்லை. மறுநாள் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நுன்சியாக்கா முழுப் பழமோ முழுக் காயோ வரையவே இல்லை. தர்ப்பூசணித் தோல், பீச் கொட்டை, யாரோ கடித்து மிச்சம் வைத்த தக்காளி: என் பலகைகளில் இவைதான். நிறம் என்னவோ முன்னைவிடப் பிரமாதம். எனக்குத்தான் எரிச்சல்.

"தின்னுட்டுப் போட்ட தோலைப் பாத்து எவன் அக்கா பழம் வாங்குவான்?"

"யாரோ தின்னாங்கன்னு தெரியுதுல்ல, அது போதும்."

பலகையை வாங்கி மாட்டினேன்.

ஐந்து பழமும் இருந்த அந்த அத்திப்பழத் தட்டுப் படத்தைப் பாதிரியார் சட்டம் போட்டுக் கோயில் கூடத்தில் மாட்டினார். திருவிழா அன்று பெரிய கூட்டம். ஒரு அம்மாள் நுன்சியாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தச் சொட்டைத் தொட்டா விரல்ல ஒட்டும்போல இருக்கு! ஒரு குறை சொல்ல முடியாது" என்றார்.

நுன்சியாக்கா படத்தின் பக்கம் திரும்பினார்.

"தப்பா இருக்கு" என்றார். "தட்டுல நாலுதான் இருந்திருக்கணும்."