கையெழுத்துப் போட மறுத்தவர்கள்

வெர்னா ஹாஸ்கெலுக்கு ஐம்பத்தெட்டு வயது. அதில் இருபத்திரண்டு வருஷம் மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் நான்காவது மாடியிலேயே கழிந்துவிட்டது. வக்கீல் அல்ல. பயந்து போன சாட்சிகளைப் பேசித் தேற்றி, கோர்ட்டுக்குக் கூட்டி வந்து, காபி கொடுத்து, திரும்ப வழியனுப்புவது அவள் வேலை. வெள்ளை மாளிகையில் ஆள் மாறினால் இங்கேயும் தலைமை வழக்கறிஞர் மாறுவார், வரவேற்பறைச் சுவரில் படம் மாறும், வெர்னா கேக் வாங்கி வருவாள். வழக்குகள் மட்டும் அதது பாட்டுக்கு நடக்கும். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள், பாவம்.

இந்த முறை தலைநகரிலிருந்து ஓர் உத்தரவும் சேர்ந்து வந்தது. கோழி ஆலை முதலாளி மேல் போட்ட வழக்கை வாபஸ் வாங்க வேண்டும். அம்மோனியா கசிந்து நான்கு தொழிலாளிகள் செத்த வழக்கு அது. விசாரணைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. முதலாளி தேர்தலில் யாருக்கு மேடை போட்டுக் கொடுத்தார் என்பது ஊரறிந்த சங்கதி.

அலுவலகத்தின் தற்காலிகத் தலைவர் ஸ்டர்டிவன்ட், வாபஸ் மனுவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று திங்களன்று ராஜினாமா செய்தார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். வெர்னா கேக் வாங்கினாள். வியாழனன்று, மூன்று வருஷமாக அந்த வழக்கைத் தயார் செய்த க்ளேட்டனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மறுபடி கேக்.

“அடுத்ததுக்கும் இப்பவே ஆர்டர் எழுதிக்கவா, மிஸ் வெர்னா?” என்று கேட்டாள் கடைக்காரி.

வெர்னாவும் வேலையை விட்டிருப்பாள். ஆனால் கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இந்த வேலை போனால் மருத்துவக் காப்பீடும் போய்விடும்.

வழக்கை வாபஸ் வாங்கும் முன் பாதிக்கப்பட்டவர்களிடம் சொல்ல வேண்டும், அது விதி. ட்வைலாவுக்கு வெர்னாதான் போன் செய்ய வேண்டும். செத்த நால்வரில் ஒருவன் ட்வைலாவின் கணவன் ரேஃபோர்ட். ஆலையில் பொய்யாகத் திருத்தி எழுதப்பட்ட பராமரிப்புப் பதிவேட்டின் நகலை, யாரும் கூப்பிடாமலே, தானாகக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள். அதனால் ஆலையில் அவள் வேலை போனது. ஊரில் பாதிப் பேர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த மாடியில் எவனும் கையெழுத்துப் போட மாட்டான், அந்தப் பெண்ணை எதற்கு வீணாகக் கலவரப்படுத்த வேண்டும் என்று வெர்னா போனைத் தள்ளிப்போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தலைநகரிலிருந்து புது வக்கீல் ஒருவர் வந்து இறங்கினார். ஒன்பது பத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

விசாரணைக்குமுன் தன் சாட்சியத்தைக் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்க்க, இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு ட்வைலாவும் அப்போது வந்திருந்தாள். யாரோ அவளைச் சாப்பாட்டு அறையில் உட்கார வைத்திருந்தார்கள். மேஜையில் மிச்சக் கேக்.

“நேர்மைக்கு நன்றி, க்ளேட்டன்னு எழுதியிருக்கே. அவரு எங்க போறாரு, மிஸ் வெர்னா?”

“போயிட்டாரு, கண்ணு.”

“திங்கக்கெழம விசாரணை இருக்கே!”

வெர்னா கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

“நேத்தே போன் பண்ணியிருக்கணும். யாரும் போட மாட்டாங்கன்னு நம்பிட்டேன். என் தப்பு.”

“நல்ல மனுஷங்கதான். அநியாயத்துக்குக் கையெழுத்துப் போடல, கேக்கு வெட்டுனாங்க, கெளம்பிட்டாங்க. நான் எதுலேருந்து ராஜினாமா பண்றது? எனக்கு இருக்கிறது அந்த ஊரு ஒண்ணுதானே.”

வெர்னா கேக்கைத் தள்ளி வைத்தாள்.

ட்வைலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஒண்ணு செய்யுங்க. திங்கக்கெழம ஆலைல வேலை கேட்டுப் போகப்போறேன். அங்க வேற என்ன பொழப்பு இருக்கு? உங்க ஆபீசுதான் என்னை மெரட்டிச் சாட்சியாக்குச்சுன்னு நீங்க எழுதிக் குடுத்தா சேத்துக்குவாங்களாம். அண்ணன் கேட்டுட்டு வந்தான்.”

“அது பொய்யில்லையா, ட்வைலா? நீயாத்தானே வந்த?”

“அத மறந்துருங்க.”

வெர்னா தன் மேஜைக்குப் போய் அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தாள். அழுகை வந்ததால் இரண்டு முறை நிறுத்தினாள். எந்தப் பொய்க்கும் கை கொடுக்க மாட்டோம் என்று எத்தனை பேர் நிமிர்ந்து நடந்து போன மாடி அது! கீழே தன் பெயரைக் கையெழுத்திட்டுக் கொண்டு போய்க் கொடுத்தாள்.

ட்வைலா நின்றபடியே நிதானமாகப் படித்தாள்.

“இங்க ‘தயங்கினார்’னு போட்டிருக்கீங்க, மிஸ் வெர்னா. ‘வர மறுத்தார்’னு மாத்திக் குடுங்க.”

வெர்னா மாற்றிக் கொடுத்தாள்.