ஆஸ்பத்திரிக்குப் போட்ட சட்டை

பாம்பு கடித்தவனுக்குச் சலவைச் சட்டை எதற்கு என்று கீழ்நாட்டில் இருப்பவர்கள் கேட்கலாம். ஜவ்வாது மலையில் இளவரசியை யாரும் அப்படிக் கேட்கவில்லை. அதுதான் அவளை அறுத்தது.

முந்தின வருஷம் மகள் சுவேதாவுக்குக் காய்ச்சல். புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள், கறைப் புடவையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனாள். "தே, செவுத்துல சாயாத. கறை ஒட்டிக்கும். ஓரமா குந்து" என்றாள் நர்ஸ். பின்னால் வந்த சரிகைப் புடவைக்காரியை "வாங்கக்கா" என்று முதலில் உள்ளே அழைத்துப் போனாள். பிள்ளை இளவரசியின் மடியில் துவண்டு கிடந்தது. இனி இந்த வீட்டில் எவரும் காட்டு உடுப்போடு கீழே போகக் கூடாது என்று அன்றைக்கு அவள் முடிவுகட்டினாள்.

இந்தச் சாமை அறுப்பில் கணவன் பார்த்திபனைக் கண்ணாடிவிரியன் காலில் கடித்தது. வீட்டை ஒட்டிய நிலம். காலை பஸ் வரும் நேரம்.

"நேரா ரோட்டுக்குப் போய்டலாம்டி."

"இந்தக் கோலத்துலயா? தொட்டுக்கூட பாக்கமாட்டாங்க. கைய நீட்டு மாமா."

சட்டை மாட்டிவிட்டாள், வேட்டி மாற்றினாள். தன் பட்டுப்புடவைக்குக் கொசுவம் வைக்கும்போது ஹாரன் கேட்டது.

"பஸ்ஸு வந்துட்ச்சி, இளவரசி!"

"இதோ, ஆய்ட்ச்சி."

ஆகவில்லை. பஸ் போய்விட்டது. மூட்டை ஏற்ற வந்த ஜீப் கிடைக்கும்போது உச்சி வெயில்.

ஆஸ்பத்திரியில் அவள் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. "உக்காருங்கம்மா" என்று நாற்காலி போட்டார்கள். டாக்டர் மட்டும், "ஏம்மா இவ்ளோ லேட்டு?" என்றார். அவள் முந்தானையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உயிர் தங்கியது. கால்விரல்கள் அழுகி, எடுத்துவிட்டார்கள்.

ஒரு மனுஷி மனுஷியாகத் தெரிவதற்குச் சரிகை வேண்டும் என்று வைத்தவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். இளவரசிக்குத்தான் தூக்கம் போயிற்று.

ஊரில் பார்த்திபன் ஒரு பொய் சொல்லி வைத்தான்: "பஸ்ஸ முன்னாடியே எட்த்துட்டான்." பெண்டாட்டியை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே! ஊர் கண்டக்டர் கோபாலைப் பிடித்துக்கொண்டது.

கட்டு மாற்றப் போகிற நாளிலும் அவள் அதே பட்டுப்புடவையைத்தான் கட்டினாள். கட்டாமல் போகத் துணிச்சல் வரவில்லை. அதற்காகவும் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பஸ்ஸில் பெரியவர் சடையன் கோபாலைச் சீண்டினார். "இன்னாடா, அன்னிக்கி மாமியா வூட்டுல விருந்தா? அப்டி பறந்துட்ட?"

கோபால் டிக்கெட் கட்டைப் புரட்டினான். அவன் காது மடல் சிவந்தது.

"பஸ்ஸு நேரத்துக்குத்தான் வந்துச்சி, பெரிப்பா" என்றாள் இளவரசி. "ஹாரனும் கேட்டுச்சி. நாந்தான் பொடவ கட்டினு இருந்தேன்."

பார்த்திபன் அவள் கையைப் பற்றினான். "உடு. நானுந்தான சட்டைக்குக் கைய நீட்னேன்."

"நீட்டச் சொன்னது நானு."

கோபால் அவள் முகத்தைப் பார்க்காமலே டிக்கெட்டைக் கிழித்து நீட்டிவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்தான்.