மேடம், உங்க துறை எது?

போன வாரம் என் தங்கை தேவகி பேராசிரியர் ஆகிவிட்டாள். வாழ்த்துகளை எனக்கும் அனுப்பலாம்... இன்டர்வியூ அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தவன் நான்தானே?

ஆரம்பாக்கத்தில் நெல் விளைவிக்கிற குடும்பம் எங்களுடையது. தேவகி கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லித் தருகிறாள். அவளுடைய ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஓரிடத்தில் நிற்காது. ஒன்று மருத்துவ இதழில் வரும் — தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் உலைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவர்களின் சிறுநீரகம் பற்றி. அடுத்தது பழவேற்காடு ஏரி இறால். அப்புறம் எங்கள் ஊர் வயல். இன்னொன்று, கடற்காற்றில் துருப்பிடிக்கும் தொழிற்சாலைக் கூரை.

முன்பு ஒருமுறை இதே பதவி உயர்வுக்குப் போய்த் தோற்றாள். துறைக்கு ஒரு ஃபைல் என்று பிரித்துக் கொடுப்பது அங்கே வழக்கம். எழுதி வைத்த விதி இல்லை. எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். இவளும் கலர் கலராக அடுக்கிக்கொண்டு போனாள். தேர்வுக் குழுவில் இருந்த டாக்டர் மருத்துவ ஃபைலை மட்டும் திறந்தார். மீன்வளக்காரர் மீன் ஃபைலை. "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒல்லியா இருக்கே" என்றார்கள் ஆளாளுக்கு. கடைசியில் குழுத் தலைவர் கேட்டார்: "மேடம், உங்க துறை எது?"

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். "இன்னொரு தபா தோத்தா ஆராய்ச்சியே வேணாண்ணா. பாடம் நடத்திக்கினு இருந்துடறேன்" என்றாள்.

இந்த முறை அத்தனை ஃபைல்களையும் பிரித்தாள். எழுதிய வரிசைப்படி எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டினாள். கூட வேலை பார்ப்பவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

உள்ளே நடந்ததை ரயிலில் திரும்பும்போது சொன்னாள். டாக்டர் தனக்கு வேண்டிய கட்டுரையைத் தேடிப் புரட்டியிருக்கிறார். வழியில் ஏரி வந்தது, வயல் வந்தது. படித்துக்கொண்டே போனவர் நிமிர்ந்து கேட்டாராம்: "தொழிலாளி வேர்வையில உப்பு அளந்திருக்கீங்களே, இந்த முறையை எங்க புடிச்சீங்க?"

பதற்றத்தில் இவளுக்கு ஆரம்பாக்கத்துப் பேச்சு வாயில் வந்துவிட்டது. "பழவேற்காட்டுல சார். ஏரித் தண்ணிக்குன்னு பண்ணது."

"வயல்ல?"

"அங்கயும் உப்புதான் சார். கடல் தண்ணி கெணத்துக்குள்ள வந்துகினு இருக்குது. கூரைய அரிக்கிறதும் உப்புக் காத்துதான்."

தலைவர் விடவில்லை. "அப்போ உங்க துறை எது?"

இவள் வாய் திறப்பதற்குள் டாக்டரே சொன்னாராம் — "உப்பு சார். இன்னுமா தெரியல?"

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டு, தேர்வாகிவிட்டாள் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் சொன்னதைக் கேட்டதும் ரயில் என்றும் பாராமல் விசிலடித்தேன். ஷிப்டுக்குப் போகிற கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே. துறை என்பது நாம் போட்ட வரப்பு... உப்பு என்றைக்காவது வரப்பைப் பார்த்து நின்றிருக்கிறதா?

கும்மிடிப்பூண்டி தாண்டியதும் அப்பாவுக்கு போன் போட்டோம்.

"இன்னா ப்ரொபசரு கண்ணு நீ?"

"உப்பு ப்ரொபசரு, நைனா."

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறார் என்று தெரிந்தது. எங்களுக்கும் கண் கலங்கியது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"அப்போ உங்கம்மாகிட்ட நீயே சொல்லு கண்ணு, கொயம்புல உப்பு ஜாஸ்தின்னு. நான் சொன்னா எடுபட மாட்டேங்குது."