தவிட்டுக்கு வாங்கின எங்கடை அண்ணை

தவிட்டண்ணை! இப்பிடிக் கூப்பிட்டால்தான் நீங்கள் "ஓம், சொல்லு" எண்டு திரும்புவியள். இண்டைக்கு நீங்கள் எங்களை விட்டுப்போய் முப்பத்தொராம் நாள். உங்கடை தங்கச்சி நான் எட்டாம் வகுப்போடை படிப்பை நிப்பாட்டினவள். எழுத்திலை பிழை இருந்தால் வாசிக்கிறவை பொறுத்துக்கொள்ளுங்கோ.

அண்ணை பிறந்தது கோப்பாயிலை. அவருக்கு முதல் பிறந்த ரெண்டு பிள்ளையள் அம்மாவுக்குத் தங்கேல்லை. அதாலை அண்ணை பிறந்தவுடனை அம்மா அவரைப் பக்கத்து வீட்டு மாமியிட்டைக் குடுத்திட்டு, ஒரு சுளகு தவிடு குடுத்துத் திருப்பி வாங்கினவ. தவிட்டுக்கு வாங்கின பிள்ளையை யமன் பெறுமதியாய் நினைக்கமாட்டானாம். அதிலை வந்த பேர்தான் தவிடன். பதிவிலை கமலநாதன். அந்தப் பேர் பள்ளிக்கூடத்துக்கும் அடையாள அட்டைக்கும் மட்டும்தான்.

அப்பா செத்தாப்பிறகு எங்களை வளத்தது அண்ணைதான். லாண்ட்மாஸ்டர் உழவு மெசினிலை வாழைக்குலை ஏத்திக்கொண்டு சாவகச்சேரிச் சந்தைக்குப் போவார். சில நாள் நானும் போவன். அங்கை மரக்கறி விக்கிற பூமணி அக்கா, "டேய் தவிடா, உன்னை வாங்கினவை இப்ப எவ்வளவுக்கு விப்பினம்?" எண்டு கேப்பா.

"விலை ஏறிப்போச்சக்கா. இனித் தவிட்டோடை பிண்ணாக்கும் வைக்கவேணும்."

சந்தையே சிரிக்கும். எனக்கு மட்டும் வெக்கமாயிருக்கும்.

நெஞ்சு நோகுதெண்டு படுத்த அண்ணை எழும்பேல்லை. மரண அறிவித்தல் எழுதேக்கை மாமி, "தவிடன் எண்டும் போடு பிள்ளை" எண்டா. "சும்மா இருங்கோ மாமி, வெளிநாட்டுச் சொந்தங்களும் பாக்கும்" எண்டு நான் விடேல்லை.

எட்டாம் நாள் சடங்குக்கு முதல்நாள் பூமணி அக்கா வீடு தேடி வந்தா. கையிலை ஒரு பை பாவக்காய். "எங்கை உவன் தவிடன்? ஒரு கிழமையாய்க் காணேல்லை. காய்ச்சலோ?" எண்டா. நான் மாலை போட்ட படத்தைக் காட்டினன். அப்பிடியே நிலத்திலை இருந்திட்டா.

"சந்தை மதிலிலை நோட்டீஸ் பாத்தனான் பிள்ளை. படமும் பழசு. கமலநாதன் ஆரோ எண்டு நினைச்சுக்கொண்டு போயிட்டன். தெரிஞ்சிருந்தால் கடைசியா ஒருக்கா முகத்தைப் பாத்திருப்பனே…"

அவவைப்போலை எத்தினை பேர் வராமல் விட்டினமோ தெரியாது. அது என்ரை பிழை. அண்ணை அந்தப் பேருக்கு ஒருநாளும் வெக்கப்படேல்லை. வெக்கப்பட்டது நான். அவரும் இதை வாசிக்கிற நீங்களும் என்னை மன்னிக்கவேணும்.

பந்தல் போட்டவை, சமைச்சுத் தந்தவை, அண்ணையைத் தோளிலை காவினவை, கூடவே இருந்த மாமி, எல்லாருக்கும் நன்றி. இந்த நினைவு மலர்ப் புத்தகத்தை நானே சந்தைக்கும் கொண்டுபோய்க் குடுப்பன். எங்கடை அண்ணையை எந்தப் பேராலை தெரிஞ்சிருந்தாலும், அந்தப் பேரைச் சொல்லி அவருக்காக ஒருக்கா கும்பிடுங்கோ.